தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு முடிந்த விண்டோஸ் 10: சிங்கப்பூர்த் தமிழ் வடிவமைப்புக் கூடம் ஒன்று இயங்குதளம் மாறிய கதை

தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் கூடம் இது. மனைவி பக்க வடிவமைப்பு பார்க்கிறார்: கல்யாண அழைப்பிதழ், கோயில் விழா மலர், தமிழ்ப் புத்தகம், கடைகளுக்குப் பதாகை. கணவர் கல்யாணம், காதணி விழா, நடன அரங்கேற்றம் என்று படம் பிடித்துத் தொகுத்துத் தருகிறார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு படித்த ஓர் இளம்பெண் வாரத்தில் சில நாள் வந்து ஓவியம் வரைகிறார். நான் இவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கணினி பார்த்துக் கொடுக்கிறவன். அக்கா, அண்ணன் என்றுதான் அவர்களைக் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு மேசைக் கணினிகளும் 2017இல் சிம் லிம் ஸ்குவேரில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியவை. பிராசசர் இன்டெல் ஐ7-7700. அந்தக் காலத்துக்கு நல்ல சாமான், இன்றைக்கும் வேலை செய்கிறது. ஆனால் விண்டோஸ் 11 அதை ஏற்காது. அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தைப் பயாஸில் இயக்கிவிடலாம், அது பெரிய விஷயமில்லை. மைக்ரோசாஃப்ட்டின் பிராசசர் பட்டியல் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையில் சிலவற்றுக்குத்தான் விலக்கு, 7700 அதில் இல்லை. குறுக்கு வழியில் நிறுவலாம் என்று இணையத்தில் நூறு பேர் சொல்வார்கள். அப்படி நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வீட்டில் விளையாடிப் பார்க்கும் கணினி என்றால் சரி, வாடிக்கையாளரின் முன்பணம் வாங்கிய வேலை நடக்கிற கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 14 அக்டோபர் 2025இல் முடிந்தன. அந்த ஆண்டு சிங்கப்பூரில் தீபாவளி அக்டோபர் 20. அச்சுத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

"தம்பி, தீபாவளி முடியுற வரைக்கும் என் மெஷின்ல கை வைக்காதப்பா" என்றார் அக்கா. நியாயம்தான். பலர் அந்தத் தேதியைப் பார்த்து அரண்டுபோய் செப்டம்பரிலேயே அவசரமாக மாறினார்கள். அந்த நாளில் கணினி நின்றுவிடாது. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தம் வரும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் பழைய வழக்கம்; அக்டோபர் 14 அப்படி ஒரு செவ்வாய், அன்றைக்குக் கடைசித் திருத்தமும் வந்துவிடும். அடுத்தது வந்திருக்க வேண்டிய நாள் நவம்பர் 11. அதாவது உண்மையான இடைவெளி அன்றைக்குத்தான் தொடங்குகிறது. தீபாவளிக்குப் பிறகு நமக்கு மூன்று வாரம் இருந்தது. வீட்டுக் கணினிகளுக்கு இன்னும் ஓராண்டு திருத்தம் தரும் திட்டம் ஒன்றும் இருந்தது. ஆனால் தொழில் நிறுவனங்களுக்கான திட்டத்தில் ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 அமெரிக்க டாலர், பிறகு ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பு. ஒன்பது வயதை நெருங்கும் கணினிக்கு அந்தச் செலவு வேண்டாம் என்று அண்ணனே சொல்லிவிட்டார்.

யாரிடம் போய்ச் சேர்கிறது

எந்த இயங்குதளத்துக்குப் போகலாம் என்று கேட்டால், எல்லாரும் முதலில் மென்பொருள் பட்டியல் போடுகிறார்கள். ஃபோட்டோஷாப்புக்கு ஜிம்ப், இல்லஸ்ட்ரேட்டருக்கு இங்க்ஸ்கேப், பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனுக்கு ஸ்க்ரைபஸ், பிரீமியருக்கு டாவின்சி ரிசால்வ் என்று இரண்டு பத்தி எழுதி, அம்புக்குறி போட்டு, முடிந்தது என்பார்கள். அந்தப் பட்டியல் பொய்யில்லை. ஆனால் அதை வைத்து முடிவெடுத்தவர்கள் சில மாதத்தில் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் வேறு பட்டியல் போட்டோம். கூடத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு வகை வேலைக்கும் மூன்று கேள்வி: கடைசியில் எந்தக் கோப்பு யார் கைக்குப் போகிறது? அதை அவர் திருத்துவாரா, பார்ப்பதோடு சரியா? ஐந்து ஆண்டு கழித்து அதே வேலை திரும்பி வருமா?

அண்ணன் பக்கம் பதில் சுலபமாக வந்தது. வாடிக்கையாளர் கேட்பது ஓடுகிற காணொளி. தொகுப்புக் கோப்பை இதுவரை எவரும் கேட்டதில்லை. கல்யாணக் காணொளியை ஐந்து ஆண்டு கழித்து மறுபடி வெட்டச் சொல்லி யாரும் வரப்போவதுமில்லை. ஓவியம் வரையும் பெண்ணும் அப்படித்தான். அவர் தருவது படம், அது அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அக்காவின் பட்டியல்தான் நீண்டது. அழைப்பிதழும் பதாகையும் பிடிஎஃப்பாக அச்சகத்துக்குப் போகின்றன, பிரச்சினையில்லை. ஆனால் ஒரு சங்கத்தின் ஆண்டு மலரை அவர்களே கடைசி நேரத்தில் திருத்துவார்கள், அவர்களுக்கு இன்டிசைன் கோப்பே வேண்டும். சென்னையில் மறுபதிப்பு போடும் பதிப்பாளர் ஒருவர் எழுத்துரு, படம் எல்லாம் சேர்த்துக் கட்டிய தொகுப்பைத்தான் கேட்பார். இதெல்லாம் போக, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கும்பாபிஷேகம். பழைய மலரில் இருந்த தல வரலாறும் அறங்காவலர் பட்டியலும் அடுத்த மலருக்கும் வேண்டும். சிங்கப்பூரில் கோயில் வேலை பார்க்கும் வடிவமைப்பாளருக்கு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் பழைய கோப்புதான் முதலீடு.

இன்டிசைனின் சொந்தக் கோப்பை இன்டிசைன் தவிர வேறெதுவும் ஒழுங்காகத் திறக்காது. ஐடிஎம்எல் என்ற இடைநிலை வடிவத்தில் சேமித்தால் ஸ்க்ரைபஸ், அஃபினிட்டி போன்றவை இறக்கிக்கொள்ளும். அப்படிச் சேமிப்பதற்கும் இன்டிசைன்தான் வேண்டும். அடோபியின் சந்தாவை நிறுத்திய பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும்.

லினக்ஸில் வைத்துப் பார்த்தது

ஆகஸ்ட்டில், வேலை குறைவாக இருந்த நாட்களில், தனி எஸ்எஸ்டி ஒன்றில் குபுண்டு 24.04 என்ற உபுண்டு வகை லினக்ஸை நிறுவி அக்காவின் கணினியில் மாட்டினேன். பழைய டிஸ்க்கைத் தொடவில்லை. ஒரே டிஸ்க்கில் இரண்டு இயங்குதளம் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிக்கொண்டிருந்தால், கணினியை அணைத்தாலும் அது அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸ் அந்த டிஸ்க்கை எழுதவிடாமல் வாசிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். அதை நிறுத்திவிட்டு, டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அப்புறம்தான் மற்ற எதுவும்.

பழைய வேலைகளில் வகைக்கு ஒன்றாக எடுத்துத் திறந்தோம்.

யூனிகோடு தமிழில் புதிதாகத் தட்டச்சு செய்வதில் ஒரு குறையும் இல்லை. ஹார்ஃபபஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகம் லிப்ரே ஆபிஸ், இங்க்ஸ்கேப், ஜிம்ப், ஸ்க்ரைபஸ் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. 'கெ', 'கொ', 'ஸ்ரீ' எல்லாம் சரியாக வந்தன. விசைப்பலகையில் தமிழ்99ம் இருக்கிறது, ஒலிப்பு முறையும் இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் லினக்ஸில் தமிழ் பார்த்துவிட்டு ஓடியவர்கள் இன்னொரு தடவை பார்க்கலாம்.

சிக்கல் பழைய கோப்பில் வந்தது. 64 பக்க மலர் ஒன்றை ஐடிஎம்எல்லாக மாற்றி ஸ்க்ரைபஸ் 1.6இல் இறக்கினோம். எழுத்து வந்தது, பத்தி பாணிகள் ஏறக்குறைய வந்தன. ஆனால் வரி உடையும் இடம் மாறியது. தமிழ்ச் சொல் நீளம். ஒரு சொல் அடுத்த வரிக்குத் தாவினால் பத்தியே நீளும். பத்தி நீண்டு, பக்கம் வழிந்து, 64க்குள் அடங்க மறுத்தது. நடுவில் பின் அடிக்கும் மலருக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும், ஆகவே ஒரு பக்கம் வழிந்தாலும் நான்கு பக்கம் கூடும். உட்கார்ந்து சரிசெய்தால் சரியாகும். ஆனால் ஒவ்வொரு பழைய மலருக்கும் அப்படி உட்கார வேண்டும்.

அடுத்தது யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், தமிழ் அச்சுக்காரர்களுக்கே உரிய தலைவலி இது. பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தது கணினியைப் பொறுத்தவரை ஆங்கிலம். திரையில் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லையென்றால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். இப்படி ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் போக்கில் ஒரு வரிசை வைத்திருந்தது. அதை ஒழுங்குபடுத்தத்தான் அந்நாளில் பேசிப் பேசி மாநாடு நடத்தினார்கள். 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது இதே சிங்கப்பூரில், நா. கோவிந்தசாமியின் முயற்சியில். 1999 சென்னை மாநாட்டில் டாம், டாப் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. நல்ல வேலைதான், ஆனால் அக்காவின் ஹார்ட் டிஸ்க்கில் அந்த எல்லாக் காலமும் அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

அந்த எழுத்துருக்கள் பெரும்பாலும் ட்ரூடைப் வகை, லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளலாம். அப்படியும் ஒரு மலரில் ஓர் எழுத்து மட்டும் எல்லாப் பக்கத்திலும் காணாமல் போனது. தேடிப் பார்த்தால், அந்த எழுத்துருவில் அந்த எழுத்தை 173ஆம் இடத்தில் வைத்திருக்கிறார்கள். பொதுக் குறியாக்கத்தில் அந்த இடம் மென் இணைப்புக்குறிக்கு உரியது. வரி உடையாத இடத்தில் அது கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பது விதி. மென்பொருள் விதிப்படி மறைத்துவிட்டது. 160ஆம் இடத்துக்கும் இதே கதி, அது உடையா வெற்றிடம். பிழை திருத்துபவர் முழு மலரையும் வரி வரியாகப் படித்தால்தான் இது கண்ணில் படும். நமக்கு முதல் பக்கத்தில் தலைவர் பெயரிலேயே அந்த எழுத்து இருந்ததால் தப்பித்தோம்.

மூன்றாவது கருப்பு. இங்க்ஸ்கேப் அடிப்படையில் திரைக்கான ஆர்ஜிபி வண்ணத்தில் வேலை செய்வது. ஜிம்ப் 3.0, மார்ச் 2025இல் வந்தது, நிறைய முன்னேற்றம், ஆனால் அதுவும் அச்சின் நான்கு மை வண்ணமான சிஎம்ஒய்கேயில் நேரடியாக வேலை செய்வதில்லை. அச்சு வண்ணத்தை ஒத்துப்பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். ஆர்ஜிபி கருப்பு அச்சுக்கு மாறும்போது நான்கு மையும் கலந்த கருப்பாகிவிடுகிறது. பெரிய தலைப்புக்குப் பரவாயில்லை. எட்டுப் புள்ளி தமிழ் எழுத்தில் 'ண', 'ழ', 'ஞ' போன்றவற்றின் சுழிக்குள் நான்கு தகடும் மயிரிழை விலகினால் போதும், சுழி அடைந்துவிடும். ஸ்க்ரைபஸில் எழுத்துக்குத் தனிக் கருப்பு கொடுத்து, அச்சுக்கான பிடிஎஃப் எக்ஸ் வடிவில் எடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ஓவிய மென்பொருளான கிரிட்டாவிலும் சிஎம்ஒய்கே உண்டு. அதாவது வழி இருக்கிறது, வரிசை தெரிய வேண்டும்: படம் ஒன்றில், எழுத்து இன்னொன்றில். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் நாங்கள் வழக்கமாகப் போகும் அச்சுக்கடையில் அந்தப் பிடிஎஃப்பைக் கொடுத்து ஒரு ப்ரூஃப் எடுத்துப் பார்த்தோம், சுத்தமாக வந்தது. புது வேலை மட்டும் செய்கிறவராக அக்கா இருந்திருந்தால் லினக்ஸிலேயே இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

மேக் ஏன் வேண்டாம் என்றார்

இதில் எனக்கும் அக்காவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. எம்4 சிப் வைத்த மேக் மினி நவம்பர் 2024இல் வந்தபோதே அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி நினைவகம் கொடுத்துவிட்டார்கள். பக்க வடிவமைப்புக்கு அது தாராளம். அடோபி சந்தா விண்டோஸ், மேக் இரண்டுக்கும் ஒன்றே. பழைய கணினியில் வெளியேறிவிட்டுப் புதியதில் நுழைந்தால் சரி. மேக்கில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் கூடவே வருகின்றன, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ் எழுத்துருக்களும். நான் மேக் என்றேன்.

அக்கா சொன்ன காரணம் சின்னதாகத் தெரிந்தது, ஆனால் அதுதான் சரி. பழைய மலரில் ஒரு பெயரைத் திருத்த வேண்டும் என்றால், அந்தப் பழைய எழுத்துருவின் வரிசையிலேயே தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கு அவர் இத்தனை ஆண்டும் பயன்படுத்துவது என்எச்எம் ரைட்டர் போன்ற விண்டோஸ் கருவிகளை. குறியாக்கம் மாற்றும் கருவியும் விண்டோஸில் ஓடுவதே. மேக்கில் மாற்று தேடலாம்தான். ஆனால் சங்கத்துக்காரர் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "செயலாளர் பெயர் தப்பு" என்று அனுப்பும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. இருபத்தைந்து ஆண்டு விரல் பழக்கமும் சேர்ந்துகொண்டது. விண்டோஸ் 11 போட்ட புதுக் கணினி என்று முடிவானது.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது மாறாமல் இருந்த மாதிரி தெரியும். என்னைக் கேட்டால், மாறுவதா வேண்டாமா என்ற கேள்விக்குச் சோதித்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதும் முழுமையான பதில்தான்.

அண்ணன் முழுதாக மாறினார்

அவரிடம் டாவின்சி ரிசால்வ் ஏற்கெனவே இருந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுவது. மூன்றிலும் ஓடும் என்ற வரியை மட்டும் படித்துவிட்டு மாறுகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு: லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 காணொளிகளைத் திறக்காது. கேமராவும் கைபேசியும் தருவது அவற்றைத்தான். 295 அமெரிக்க டாலர் ஒருமுறை கட்டி வாங்கும் ஸ்டுடியோ பதிப்பு திறக்கும், அதுவும் என்விடியா போன்ற தனிக் கிராஃபிக்ஸ் கார்டின் துணையோடு. அண்ணனிடம் ஸ்டுடியோ உரிமம் இருந்தது.

உரிமம் இருந்தும் ஒலி வரவில்லை. ஏஏசி என்ற ஒலி வடிவத்தை லினக்ஸ் பதிப்பு வாசிக்கவில்லை. படம் ஓடுகிறது, நாதஸ்வரம் இல்லை. எல்லாவற்றையும் டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவுக்கு மாற்று என்பது வழக்கமான அறிவுரை. அதன் உயர்தர வகையில், முழு எச்டியில், ஒரு மணி நேரத்துக்கு 80 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். முகூர்த்தத்திலிருந்து வரவேற்பு வரை இரண்டு கேமராவில் பிடித்தால் டிஸ்க் வாங்கிக் கட்டுப்படியாகாது. எஃப்எஃப்எம்பெக் கருவியில் படத்தை அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் சுருக்காத பிசிஎம்மாக மாற்றினால் போதும். கோப்பு கொஞ்சம்தான் பெருக்கும், படத்தின் தரம் துளியும் குறையாது, சில நிமிடத்தில் முடியும். கார்டைச் செருகியதும் எல்லாக் கோப்புக்கும் இதைச் செய்யும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுமதியிலும் இதே கதை தலைகீழாக: ரிசால்விலிருந்து எடுத்த பிறகு ஒலியை ஏஏசியாக்கி வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும்.

ரிசால்வுக்கு அதன் தயாரிப்பாளர்கள் அதிகாரபூர்வமாகச் சொல்லும் லினக்ஸ் ராக்கி லினக்ஸ். உபுண்டு வகையில் நிறுவினால், அதோடு வரும் சில நூலகக் கோப்புகளை ஒதுக்கிவைத்தால்தான் திறக்கிறது. நான் உபுண்டு வகையையே வைத்தேன், மற்ற எல்லாவற்றுக்கும் அது வசதி. கணினியில் இருந்த பழைய ஜிடிஎக்ஸ் கார்டை மட்டும் மாற்றினோம். அந்தத் தலைமுறைக்கு 580 வரிசையோடு லினக்ஸ் டிரைவர் ஆதரவை நிறுத்துவதாக என்விடியா அறிவித்துவிட்டது. பழைய ஆர்டிஎக்ஸ் கார்டு ஒன்று கை மாறி வந்ததைப் போட்டோம். இப்படி 2017 கணினி இன்னும் சில ஆண்டு ஓடும்.

காணொளியில் தமிழ்த் தலைப்புகளை ரிசால்வுக்குள் தட்டச்சு செய்வதில்லை என்று ஒரு விதி வைத்தோம். இங்க்ஸ்கேப்பில் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்து, மேலே வைப்பது. அப்படி வைத்தால் மணமக்கள் பெயரில் கொம்பும் காலும் இடம் மாறுமோ என்ற கவலை எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பிலும் இல்லை. நகரும் தலைப்பு வேண்டும் என்றால் படத்தையே நகர்த்திக்கொள்ளலாம்.

ஒரே பெயரில் இரண்டு கோலம்

இப்போது கூடத்தில் மூன்று இயங்குதளம் ஆகிவிட்டது: அக்காவிடம் விண்டோஸ், அண்ணனிடம் லினக்ஸ், ஓவியப் பெண்ணிடம் அவருடைய சொந்த மேக்புக். அவர் அதில் கிரிட்டாவில் வரைகிறார், அதே மென்பொருள் மற்ற இரண்டு கணினியிலும் இருக்கிறது. வரைபலகையும் லினக்ஸில் செருகியதும் வேலை செய்தது. இந்தப் பக்கம் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்திருந்த நேரத்தில்தான் அண்ணன் கூப்பிட்டார். ஒரே கோப்புறையில் 'கோலம்' என்ற பெயரில் இரண்டு படம், எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். பழையதை அழிக்காமல் புதியது எப்படி வந்து உட்கார்ந்தது? தொகுப்பில் பழைய கோலமே வருகிறது.

காரணம் யூனிகோடு தமிழுக்குள் இருக்கிறது. 'கோ'வில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது தரத்திலேயே உள்ளது. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலை. மேக்கில் கோப்புப் பெயர்கள் பல சமயம் பிரித்த வடிவில் சேமிக்கப்படுகின்றன. ஜிப் செய்து அனுப்பும்போது அப்படியே வருகின்றன. மேக்குக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸ் பைட்டுகளைப் பார்க்கிறது, அதற்கு இவை இரண்டு வேறு கோப்பு. கொரியர்களுக்கு இந்தத் தொல்லை நம்மைவிட அதிகம் என்பது ஆறுதல்.

பெயரைச் சரிசெய்யும் கருவிகள் உண்டு. நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இனிக் கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும்: ஆண்டு, மாதம், வேலை எண், பதிப்பு. தமிழ்ப் பெயர் கோப்புக்குள்ளே இருக்கட்டும். அக்காவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம், ஏற்றுக்கொண்டார். கூடவே, பொதுவாகக் கொடுத்து வாங்கும் டிஸ்க்கை மூன்று இயங்குதளமும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றினோம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் தானாக வாசிக்கும், எழுதாது.

புதிய விண்டோஸில் உடைந்த தமிழ்

அக்காவின் புதுக் கணினி நவம்பர் முதல் வாரத்தில் தயாரானது. பழைய கோப்புகள் எல்லாம் ஒழுங்காகத் திறந்தன. புதிதாக ஒரு பொங்கல் வாழ்த்தட்டை தொடங்கினார், தமிழ் சிதறியது: கொம்பு எழுத்துக்குப் பின்னால், புள்ளி தனியாக. எழுத்துரு கெட்டுவிட்டது என்று மறுபடி மறுபடி நிறுவிப் பார்த்திருக்கிறார்.

எழுத்துருவில் ஒன்றுமில்லை. இன்டிசைனில் வரிகளை அமைக்கும் பொறிகளில் இரண்டு வகை. ஆங்கில நிறுவலில் இயல்பாக இருப்பது ஆங்கிலத்துக்கானது. தமிழுக்கு வேர்ல்டு ரெடி கம்போசர் வேண்டும். எதைப் பயன்படுத்துவது என்ற தேர்வு பத்தி பாணியோடு கோப்புக்குள் சேமிக்கப்படுவதால் பழைய கோப்புகள் தப்பித்தன. பழைய கணினியில் யாரோ எப்போதோ மாற்றி வைத்திருந்த இயல்பு அமைப்பு புதுக் கணினிக்கு வரவில்லை, அவ்வளவுதான். எந்தக் கோப்பும் திறக்காமல் இருக்கும்போது அமைப்பை மாற்றினால், அதற்குப் பிறகு உருவாக்கும் எல்லாக் கோப்புக்கும் அது பொருந்தும்.

மாறும்போது மென்பொருளையும் எழுத்துருவையும் எண்ணிக் கொண்டுவருகிறோம். பல ஆண்டாகச் சேர்ந்த அமைப்புகள், குறுக்கு விசைகள், அச்சகம் கொடுத்த வண்ண விவரக் கோப்பு, பிடிஎஃப் எடுக்கும் முன்னமைப்பு எல்லாம் எங்கோ ஒரு மறைவுக் கோப்புறையில் கிடக்கின்றன, அவற்றைத்தான் விட்டுவிடுகிறோம்.

அஃபினிட்டி இலவசமானபோது

அக்டோபர் 30, 2025இல், எங்கள் மூன்று வார இடைவெளியின் நட்ட நடுவில், அஃபினிட்டி ஒரே மென்பொருளாக, இலவசமாக வந்தது. 2024இல் அதைத் தயாரித்த நிறுவனத்தைக் கேன்வா வாங்கியிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த செய்திகளுக்கு அளவில்லை: "அடோபிய தூக்கிப் போட்டுடலாமா?" ஆங்கில வேலை மட்டும் செய்கிறவருக்கு நல்ல வாய்ப்பு என்றே நினைக்கிறேன். தமிழுக்கு ஒரு தடை: அதன் இரண்டாம் பதிப்பு வரை இந்திய எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் திறன் இல்லை. புதியதை நம்புவதற்கு முன் 'கொடுக்கிறோம்', 'ஸ்ரீ', 'வௌவால்' மூன்றையும் ஒட்டிப் பார்த்துவிட்டு, அதைப் பிடிஎஃப்பாக எடுத்து, மறுபடி அந்தப் பிடிஎஃப்பிலும் பார்க்க வேண்டும். லினக்ஸுக்கு அது வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை பூஜ்யம் என்பதற்காகத் தீபாவளி முடிந்த களைப்பில் இன்னொரு மாற்றம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

செலவும் மீதி வேலையும்

கட்டிய பணத்தில் பெரும்பகுதி அக்காவின் புதுக் கணினிக்குப் போனது. அண்ணன் கணினிக்கு ஆனது கிராஃபிக்ஸ் கார்டும் ஓர் எஸ்எஸ்டியும். அடோபி சந்தா முன்பு இருவர் பெயரில் ஓடியது, இப்போது அக்காவுக்கு மட்டும். அண்ணனுடையதை உடனே நிறுத்தவில்லை. ஆண்டுத் திட்டத்தை மாதத் தவணையில் கட்டுகிறவர் நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கேட்பார்கள். புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, அதற்கு முன் வாரம் நிறுத்தினோம். அந்த இடைக்காலத்தில் அவருடைய பழைய பிரீமியர் தொகுப்புகள் எல்லாவற்றையும் இறுதிக் காணொளியாக எடுத்துவைத்தாயிற்று.

அக்காவின் பழைய கணினியை விற்கவில்லை. இணையக் கம்பியைப் பிடுங்கி, வைஃபையை நிறுத்தி, மூலையில் வைத்திருக்கிறோம். அதில் விண்டோஸ் 10ம் பழைய எழுத்துருக்களும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது; அந்தக் கோப்புகளைத் திறந்து பிடிஎஃப் எடுக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. வெளியே கொண்டுபோக ஒரு யூஎஸ்பி, அது உள்ளே போகும் முன்னும் வெளியே வந்த பின்னும் அக்காவின் புதுக் கணினியில் சோதிக்கப்படும்.

இன்டிசைன் கோப்புகளை ஐடிஎம்எல்லாகவும் பிடிஎஃப்பாகவும் மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. முதலில் ஆண்டு வரிசையில் போகலாம் என்று நினைத்தோம், அலுத்துவிட்டது. இப்போது வேறு ஒழுங்கு: எந்தக் கோயிலுக்கு அடுத்து கும்பாபிஷேகம் வருகிறதோ அதன் பழைய மலர் முதலில். யூனிகோடுக்கு மாற்றி, 173ஆம் இடத்து எழுத்தைத் தனியாகத் தேடிப் பார்த்து, பிழை திருத்துபவர் கையொப்பம் போட்ட பிறகுதான் அது முடிந்ததாகக் கணக்கு. தைப்பூச வேலைகள் பிப்ரவரியில் முடிந்ததும் தொடர்வதாகச் சொல்லியிருக்கிறார். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது, அதற்கு அழைப்பிதழ்கள் இப்போதே வரத் தொடங்கிவிட்டன.